ராஜபாளையத்து மூக்கு

ஒரு நாயைப் படம் எழுதுவதற்காக எல்லை தாண்டிப் பிரயாணம் போன ஆஸ்தான சித்திரக்காரன் இந்தப் பரத கண்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பட்டத்து யானையை எழுதியிருக்கிறேன், வெள்ளைக்காரத் துரைசானிகளை எழுதியிருக்கிறேன், மாமியாரும் மருமகளுமான இரண்டு ராணிகளை ஒரே கித்தானில் எழுதி இரண்டு பேரிடமும் சால்வை வாங்கியிருக்கிறேன். நாய் எம்மாத்திரம் என்றுதான் கிளம்பினேன்.

எங்கள் சமஸ்தானத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அரண்மனை உப்பைத் தின்கிறவன். ஆறு பாய்கிற, மூன்று வேளையும் நெல்லுச்சோறு கிடைக்கிற சின்ன ராஜ்யம் என்று மட்டும் சொல்லலாம். எங்கள் ஜனங்கள் பிரிட்டிஷ் சீமைக்குள் காலை வைக்கிறவனைக் காசிக்குப் போகிறவனைப் போல வழியனுப்புவார்கள். என் வீட்டிலும் அழுகை, திருநீறு எல்லாம் ஆயிற்று. ரயில் ஏறிய விவரம் வேண்டாம். எல்லோரும் ஏறுகிற ரயில்தான்.

காரியம் இதுதான். தர்பார் மண்டபத்தில் மாட்டுவதற்காக மகாராஜாவை ஆள் உயரத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. காலடியில் மட்டும் ஓர் இடம் காலி. போன வருஷம் மகாராஜா ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வேட்டைக்குப் போயிருந்தார். சுப்பராஜு என்கிற மிராசுதாரர் வீட்டில் தங்கி, அந்த வீட்டு நாயிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார். எவ்வளவு கேட்டும் சுப்பராஜு நாயைக் கொடுக்கவில்லை. "நாயைத்தான் தரமாட்டேன் என்கிறார். நீர் போய் அதன் சாயலையாவது கொண்டு வாரும்" என்று மகாராஜா எனக்குக் கட்டளையிட்டார்.

பக்கத்தில் நின்ற புது திவானுக்கு இது பிடிக்கவில்லை. அவர் போட்டோப் பிரியர். போட்டோவைப் பெரிதாக்கி வர்ணம் பூசிக் கொடுக்கப் பட்டணத்தில் ஆள் இருக்கும்போது அரண்மனையில் சித்திரக்காரன் எதற்கு என்பது அவர் கட்சி. வாசல் வரை என்னோடு வந்தார். "இந்தப் படம் மட்டும் சோபிக்கவில்லையானால் உமக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. என் இருபது வருஷ உத்தியோகம் ஒரு நாயின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டிருந்தவன் நான். காட்டுத் திரை, கோட்டைத் திரை, அந்தப்புரத் திரை எல்லாம் என் கை. முந்தைய மகாராஜா ஒரு நாள் நாடகம் பார்க்க வந்தவர், ராஜபார்ட்காரனை விட்டுவிட்டு அவன் பின்னால் நான் எழுதியிருந்த தூணையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் நான் அரண்மனையில் இருந்தேன். எண்ணெய் வர்ணம் தீட்டுவதை அங்கேதான் கற்றேன். அதைவிடப் பெரிய வித்தை ஒன்றையும் கற்றேன். ராஜாக்களுக்குத் தொந்தி கிடையாது. ராணிகளுக்கு வயது ஏறாது. இளவரசர்களுக்கு மாறுகண் இராது. இந்த மூன்றும் தெரியாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கடைத்தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போதைய மகாராஜாவுக்குக் கீழுதட்டில் இளஞ்சிவப்பு ஓடிய ஒரு வெண்திட்டு உண்டு. சின்ன வயதில் வந்து, கடைவாய் வரைக்கும் பரவி, அப்படியே நின்றுவிட்டது. அவர் காதுபட அரண்மனையில் யாரும் 'வெள்ளை' என்று உச்சரிப்பதில்லை. வெள்ளை வேட்டிக்குச் சலவை வேட்டி என்று பெயர். வெள்ளைக் குதிரை பால் குதிரை. வெள்ளைப் பூண்டுகூட எங்கள் மடைப்பள்ளியில் வெறும் பூண்டுதான். நான் எழுதிய எந்தப் படத்திலும் அந்த உதட்டில் திட்டு இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு அந்த உதட்டு நிறத்தைக் கலப்பேன். எனக்குக் கிடைத்த வீடும் சால்வைகளும் அந்த உதட்டின் புண்ணியம் என்று சொன்னால் தப்பில்லை.

ராஜபாளையம் வரை ரயில் போகும் என்றாலும், ஆண்டாள் கோபுரத்தைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கியபோது நல்ல காலை வெயில். அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு வயிறு கூப்பிட்டது. காப்பி கிளப்பில் இட்லி தின்று முடித்ததும் ஒரு தொன்னையில் பால்கோவா கொண்டுவந்து வைத்தார்கள். உலகத்திலேயே எங்கள் ஊர்த் திரட்டுப்பாலுக்கு மிஞ்சியது இல்லை என்று அதுவரைக்கும் சாதித்துக்கொண்டிருந்தேன். ஒரே தொன்னையில் என் தேசபக்தி ஆட்டம் கண்டுவிட்டது. யுத்த காலத்தில் சர்க்கரைக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது இது எப்படி நடக்கிறது என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்டேன். கோர்ட்டுக் குமாஸ்தா போலிருந்தது.

"சீனிக்குத்தான ரேசன் போட்டிருக்கான்? மாட்டுக்கு ரேசன் போட முடியுமா? அது பாட்டுக்குக் கறக்குது" என்றார். பிறகு என் பெட்டியைப் பார்த்தார். "அதுல என்ன இருக்கு?"

"வர்ணம். படம் எழுத வந்திருக்கிறேன்."

"யாரை? கலெக்டரையா?"

"ராஜபாளையத்தில் ஒரு நாயை."

அவர் இலையைச் சற்றே அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

ராஜபாளையத்துக்குப் போகிற பஸ் கரியில் ஓடுகிற பஸ். யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் எங்கே இருக்கிறது? பின்பக்கம் ஒரு கரியடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அனல் மூட்டியதும் அது இருமிக்கொண்டு புறப்பட்டது. பாதி வழியில் ஒரு சின்ன மேட்டைக் கண்டதும் பிராணனை விட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எங்கள் சமஸ்தானத்து மாட்டு வண்டி இதைவிட மெதுவாகப் போகும், ஆனால் ஏறினவனை இறக்கித் தள்ளச் சொல்லாது.

"ஏலே, வேகமாச் சுத்துலே! அடுப்பு அணைஞ்சிரப் போவுது" என்று கிளீனரை அதட்டிக்கொண்டு என் பக்கத்தில் தள்ளினவர் ஒரு கிறிஸ்தவ உபதேசியார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பஸ். நான் போகிற இடத்தைக் கேட்டதும் தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"சுப்பராஜு வீட்டுக்கா? அவிய தங்கமான மனுசர். ஆனா நாய் விசயத்துல மட்டும் பாத்துப் பேசுங்க. மகளுக்கு மாப்பிள்ளை பாக்கைல கூட அம்புட்டு விசாரிக்கல. அந்த நாய்க்குச் சோடி தேடுனப்பம் நாலு தலைமுறை விசாரிச்சாரு."

நான் சிரித்தேன். ராஜ வம்சங்களையே சமாளிக்கிறவனிடம் நாய் வம்சத்தைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

சுப்பராஜு வீடு சோழபுரம் போகிற சாலையில், தோட்டத்தை ஒட்டி இருந்தது. மேற்கே பார்த்தால் மலை சுவர் வைத்தாற்போல நின்றது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னை. இங்கே முற்றம் நிறையப் பருத்திப் பொதி. சுப்பராஜு மீசை நரைத்த, தோள் அகன்ற மனிதர். அவர் மனைவி லட்சுமம்மா முற்றத்து வேப்ப நிழலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

அழகுதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெடிய கால், ஒட்டிய வயிறு, மடிந்த காது. மேலெல்லாம் ஒரு மறு இல்லாத வெள்ளை. பெயர் துரை. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மூக்கைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கறுப்பு மூக்காக இருந்திருந்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! இதற்கோ தோல் உரிந்தாற்போல இளஞ்சிவப்பு.

அன்று மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. காரம் உச்சந்தலை வரை ஏறியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். முடிவில் சப்பட்டை மாம்பழம் வந்தது. இந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள், பழத்தைக் கொடுத்தே ஆளை அடித்துப் போடுவார்கள் என்று தோன்றியது.

மறுநாள் துரையை நிறுத்திக் கோடு போட உட்கார்ந்தேன். "நில்", "திரும்பு", "தலையைத் தூக்கு" என்று நான் கத்தியதெல்லாம் வீண். அது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்குத் தமிழ் தெரியாதுங்க" என்றாள் லட்சுமம்மா. "வீட்டுல எல்லாரும் தெலுங்குதான பேசுதோம்." பிறகு திரும்பிப் பார்க்காமலே, "துரை, கூர்ச்சோ" என்றாள். அது உட்கார்ந்தது.

ஆக, நான் தமிழில் சொல்ல, அவள் தெலுங்கில் மொழிபெயர்க்க, நாய் நடக்க, ஒரு தர்பார் நடந்தது. அவள் எழுந்து உள்ளே போனால் நாயும் போய்விடும். ஆகையால் வீட்டில் இருந்த அவ்வளவு புளியையும் அவள் அந்த நிழலிலேயே உட்கார்ந்து சுத்தம் செய்து முடித்தாள்.

மூன்றாம் நாள் வர்ணம் எடுத்தேன். யுத்தத்தில் சீமை வர்ணம் வருவது நின்றுபோய், என்னிடம் வெள்ளை வர்ணம் கொஞ்சந்தான் மிச்சம். வெள்ளை நாயை எழுத வந்தவனுக்கு வெள்ளைக்குப் பஞ்சம்! இன்னொருவனாயிருந்தால் கையைப் பிசைந்திருப்பான். எனக்குத் தெரியும், நிழலில் நிற்கிற வெள்ளை வெள்ளையே இல்லை. வேப்பிலைப் பச்சை அதன் முதுகில் விழும், மண்ணின் காவி வயிற்றில் ஏறும், காதுக்குள் நீலம் இருக்கும். இவற்றையெல்லாம் போட்டுவிட்டு, வெயில் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளையைத் தொட்டு வைத்தேன். நாய் கித்தானிலிருந்து எழுந்து வந்துவிடும் போலிருந்தது.

மிஞ்சியது மூக்கு. இங்கேதான் நான் யோசித்தேன். இந்த நாய் நிற்கப் போவது மகாராஜாவின் காலடியில். அவர் உதட்டில் இருப்பதை மறைத்துவிட்டு, அதே தினுசு நிறத்தை நாயின் மூக்கில் தர்பார் மண்டபம் பார்க்கக் காட்டுவதா? பார்க்கிறவன் கண் மூக்கிலிருந்து உதட்டுக்குப் போகாதா? திவான் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பளபளவென்று நல்ல கறுப்பாக எழுதி முடித்தேன். தொந்தியைக் கரைத்தவனுக்கு மூக்கு ஒரு பெரிய காரியமா?

நாலாம் நாள் காலையில் படத்தை முற்றத்தில் வைத்துத் துணியை எடுத்தேன். சுப்பராஜுவின் பங்காளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பாராட்டுக்காகக் காத்திருந்தேன். இந்த இருபது வருஷத்தில் துணியை எடுத்த பிறகு பாராட்டு வராமல் இருந்ததில்லை.

லட்சுமம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"யாரு வீட்டு நாயி இது?"

"உங்கள் துரைதான், அம்மா."

"இது எங்க துரை இல்ல."

பங்காளி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுப்பராஜுவின் முகம் சிவந்துவிட்டது. "ஏங்க, கறுப்பு மூக்குன்னா என்ன அர்த்தம் தெரியுமா? கலப்புன்னு அர்த்தம். இதோட அப்பன் யாரு, அம்மா யாரு, நாலு தலைமுறைக்கு நான் சொல்லுவேன். அந்த மூக்கு நிறம்தான் அதுக்குச் சாட்சி. ராசா அரண்மனையில இதை மாட்டி, கீழே எங்க வீட்டு நாயின்னு சொல்லுவிய. பாக்கிறவன் காறித் துப்ப மாட்டான்? இந்தப் படம் இந்த வாசலைத் தாண்டாது."

எனக்கும் கோபம் வந்தது. "நான் மகாராஜாக்களையே திருத்தி எழுதுகிறவன், ஐயா. உங்கள் நாயின் குறையைத் திருத்தியதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?"

"குறையா?" என்றார் சுப்பராஜு.

லட்சுமம்மா நிமிர்ந்தாள். "அப்பம் ராசா ஒதட்டுல இருக்கிற வெள்ளையையும் அழிச்சிருவியளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்கதோஷம், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். "அதைப் பற்றிப் பேசக் கூடாது, அம்மா" என்றேன்.

"ஏன் பேசக்கூடாது? நான் அவியகிட்டயே கேட்டேனே. வந்த அன்னைக்கே கேட்டேன். 'ஒதட்டுல வெள்ளையா இருக்கே, வலிக்குமா'ன்னு. கூட வந்தவுக எல்லாம் பேயறைஞ்ச மாதிரி நின்னாக. அவிய, 'வலிக்காது, அம்மா. இத்தனை வருசத்துல வலிக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல'ன்னாவ. 'எங்க துரை மூக்கும் இப்பிடித்தான், அதுக்கும் வலிக்காது'ன்னேன். பொறவு இருந்த நாளெல்லாம் துரையைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டாவ."

மகாராஜா எதைப் பார்த்து அந்த நாயைக் கேட்டார் என்று அப்போதுதான் லேசாகப் பிடிபட்டது. ஆனால் அதை மனசுக்குள் விட எனக்கு இஷ்டமில்லை. விட்டால் நான் எழுதிய அத்தனை படமும் என்ன ஆவது? இப்போதைக்கு வாசலைத் தாண்ட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, கறுப்பை வர்ணக் கத்தியால் வழித்தேன்.

லட்சுமம்மா துரையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு கிட்டத்தில் அந்த மூக்கை நான் அதுவரை பார்க்கவே இல்லை. பார்க்காமலேதான் குறை என்று சொல்லியிருக்கிறேன். உரிந்த தோலும் இல்லை, நோயும் இல்லை. ஈரத்தோடு, மாதுளை முத்தின் அடிப்பக்கம் போன்ற நிறம். மிச்சமிருந்த வெள்ளையில் துளி சிவப்பும் துளி மஞ்சளும் விட்டுக் கலக்கினேன். கறுப்பு எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். இதற்கு மத்தியானம் வரை ஆயிற்று.

சுப்பராஜு வந்து பார்த்தார். "இப்பம் கொண்டு போங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஒரு கூடை மாம்பழத்தை அவரே தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். "நிறத்தை மாத்திர மாட்டியளே?" என்று பஸ் இருமத் தொடங்கிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

வர்ணம் காயாத படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தபோது மனசு ஒரு நிலையில் இல்லை. பெரிய படத்தில் மூக்கைக் கறுப்பாக்கினால் ராஜபாளையத்துக்காரர்கள் வந்து பார்க்கவா போகிறார்கள்? சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். உத்தியோகம் போனால் யார் சோறு போடுவார்கள்? ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த மூக்கு அவ்வளவு நன்றாக வந்திருந்தது. நான் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. பெரிய படத்திலும் அப்படியே எழுதினேன்.

மகாராஜா பார்க்க வந்த அன்று திவானும் கூடவே வந்தார். நான் துணியை எடுத்தேன். மகாராஜா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே நாயிடம் குனிந்தார். திவான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் கண் மூக்கிலிருந்து உதட்டுக்குப் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன்.

"மூக்கைக் கறுப்பாக்க வேண்டும் என்று உமக்குத் தோன்றவில்லையா?" என்று கேட்டார் மகாராஜா.

"தோன்றியது, மகாராஜா. ஆக்கவும் செய்தேன். வீட்டுக்காரர்கள் விடவில்லை."

"என்ன சொன்னார்கள்?"

"'இது எங்கள் நாய் இல்லை' என்றார்கள்."

அவர் நிமிர்ந்து, படத்தில் இருந்த தன் முகத்தை இப்போதுதான் பார்த்தார். குறையே இல்லாத முகம். என் கைவண்ணம்.

"எத்தனை படம் எழுதியிருப்பீர் என்னை! 'இது எங்கள் ராஜா இல்லை' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே" என்றார்.

திவான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "படம் பிரமாதமாக இருக்கிறது, மகாராஜா. அந்த மூக்கை மட்டும் சித்திரக்காரர் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். என் உத்தியோகம் இருக்கிற இடம் அதுதான் என்று தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உத்தியோகம் பிழைத்துவிடும்.

"நான் சொல்கிறேன், மகாராஜா" என்றேன். "இது நீங்கள் இல்லை."

திவான் கனைப்பது நின்றது. கத்தியை எடுத்து, படத்தின் முகத்தில் வைத்து, நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் சுரண்டினேன். வர்ணம் சுருள் சுருளாக நாயின் மேல் விழுந்தது.

மகாராஜா ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் நின்றார்.

"எப்படி நிற்கட்டும்?" என்று கேட்டார். பழக்கத்தில் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"நேராக என்னைப் பாருங்கள்" என்றேன்.